அசெட்டாலிலும் நைலானிலும் மை உரிந்து வந்தால் எங்கே தேடுவது

கெடா, பாடாங் செராயில் கடைவீடு ஒன்றில் பேட் பிரிண்டிங் மெஷின் (செதுக்கிய பிளேட்டிலிருந்து மையை ரப்பர் பேடில் எடுத்துச் சாமானில் பதிக்கும் மெஷின்) வைத்துத் தொழில் செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூலிம் பக்கத்து மோல்டிங் பாக்டரியிலிருந்து அவருக்கு இரண்டு சாமான் வருகிறது: கறுப்பு அசெட்டால் (பி.ஓ.எம். என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்) திருகுக் குமிழ், கண்ணாடி இழை கலந்த நைலான் கனெக்டர். இரண்டிலும் வெள்ளை எண்ணும் அம்புக்குறியும் அடிக்க வேண்டும். ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் கல் மாதிரி நிற்கும் அதே மை, அசெட்டாலில் டேப் ஒட்டி இழுத்தால் எழுத்தோடு முழுசாக வந்துவிடுகிறது. நைலானில் ஒரு லோட் பாஸ் ஆகிறது, அடுத்த லோட் ரிஜெக்ட் ஆகிறது. வேறு மை வாங்கலாமா என்பது கேள்வி.

தம்பி, மைக்கு இன்னும் காசு போடாதீர்கள். முதலில் இழுத்த டேப்பைக் கீழே போடாமல் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

எழுத்து முழுசாக, ஓரம்கூடச் சிதையாமல் டேப்பில் வந்து, பிளாஸ்டிக்கில் மையின் சாயல்கூட இல்லை என்றால் மை அந்தப் பரப்பைப் பிடிக்கவே இல்லை. இது பரப்பின் கோளாறு. வட்ட வட்டமாக, புள்ளி புள்ளியாக மட்டும் வந்திருந்தால் சிலிக்கோன் ஸ்பிரேயோ கைரேகை எண்ணெயோ இருக்கிறது. மையின் மேல்பாதி டேப்பிலும் கீழ்பாதி பிளாஸ்டிக்கிலும் இருந்தால் மை ஒட்டியிருக்கிறது, ஆனால் உள்ளுக்குள் இறுகவில்லை. மை இறுகக் கலக்கும் ஹார்டனரின் அளவையோ காயவைத்த நேரத்தையோ சந்தேகப்படுங்கள். டேப்பில் மையோடு மெல்லிய பிளாஸ்டிக் தோலும் சேர்ந்து வந்தால் பரப்பை நெருப்பில் அதிகமாக வாட்டியிருக்கிறீர்கள். அடித்த அன்று பாஸ் ஆகி, பத்து நாள் கழித்து உரிந்தால் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் மெழுகோ ஈரமோ மெல்ல மேலே வந்து மையைத் தூக்குகிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் அசெட்டால் முதல் வகை. நைலான் கலவையான கேஸ்.

அடுத்து, கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்று உறுதி செய்யுங்கள். மோல்டிங் பாக்டரி அனுப்பும் டி.ஓ.வில் (டெலிவரி ஆர்டர் சீட்டில்) பெரும்பாலும் பார்ட் நம்பர்தான் இருக்கும், பொருளின் பெயர் இருக்காது. கேட்டு வாங்குவதுதான் நல்லது. பதில் வரும்வரை ஓர் எளிய சோதனை உண்டு. 100 மில்லி தண்ணீரில் 36 கிராம் சமையல் உப்பைக் கரைத்தால் அதற்கு மேல் கரையாத உப்புக் கரைசல் கிடைக்கும். அதன் அடர்த்தி ஏறக்குறைய 1.2. ஏ.பி.எஸ்.ஸின் அடர்த்தி 1.05, சாதா நைலான் 66-க்கு 1.14, இரண்டும் அதில் மிதக்கும். அசெட்டால் 1.41, பி.பி.டி. என்ற பாலியெஸ்டர் பிளாஸ்டிக் 1.31, முப்பது விழுக்காடு கண்ணாடி இழை நைலான் 1.36, இவை மூழ்கும். பாலிகார்பனேட் 1.20, இரண்டுங்கெட்டானாக நடுவில் நிற்கும். பி.பி. (பாலிபுரொப்பிலீன்) சாதாத் தண்ணீரிலேயே மிதக்கும். துண்டில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் முடிவு தப்பாகும், விரலால் தடவிவிட்டுப் போடுங்கள்.

மூழ்கிய துண்டுகளைப் பிரிக்க, ஓட்டத் தண்டில் (மோல்டுக்குள் பிளாஸ்டிக் ஓடிய வழியில் இறுகிய மிச்சக் குச்சியில்) ஒரு சிறு துண்டு நறுக்கி இடுக்கியில் பிடித்துக் கொளுத்தலாம். அசெட்டால் வெளிர்நீலச் சுடரில் எரியும், பகல் வெளிச்சத்தில் எரிவதே தெரியாது, மூக்கைக் குத்தும் பார்மால்டிஹைட் நெடி வரும். குனிந்து முகராதீர்கள், அந்த நெடி தானே தேடி வரும். நைலான் எரிந்தால் கருகிய முடி வாசம் வரும், தொட்டு இழுத்தால் நூலாக நீளும். நம் பக்கத் தோட்டங்களில் ரப்பர் பால் உறையப் போடும் பார்மிக் ஆசிட் நைலான் 6, 66 இரண்டையும் கரைக்கும், ஒரு சொட்டு விட்டால் பரப்பு பிசுபிசுக்கும். ஆனால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்த ஆசிட்டைத் தொடாதீர்கள். உப்புத் தண்ணீரும் நெருப்பும் இதற்குப் போதும்.

இப்போது அசெட்டால். ஏ.பி.எஸ்.ஸில் ஏன் எந்த மையும் ஒட்டுகிறது என்று பார்த்தால் இதன் சூட்சுமம் விளங்கும். மையிலும் தின்னரிலும் உள்ள சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான் ஏ.பி.எஸ். பரப்பை லேசாகக் கரைக்கிறது. கரைந்த தோலும் மையும் கலந்து இறுகுகின்றன. அசெட்டால் அப்படி இல்லை. அதன் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கிப் படிகமாகி நிற்பவை. அறைச் சூட்டில் எந்தத் தின்னரும் அதைக் கடிக்காது. பெட்ரோல் டாங்கிக்குள் பாகமாக வைப்பதும் அதனால்தான். அதனால் மை மேலே படுத்திருக்கிறதே தவிர உள்ளே இறங்குவதில்லை. காரமான தின்னர் போட்டால் பிடிக்கும் என்று நினைத்து மாற்றிக்கொண்டே போனால் பிளேட்டும் பேடும்தான் கெடும்.

அசெட்டாலுக்கு வழி சூடு. மையை அடித்த பிறகு கொடுக்கும் சூடு. மை விற்பவர்கள் பலர் ‘அசெட்டாலுக்கு ஏற்றது’ என்று டின்னில் போட்டுவிட்டு, ‘பிறகு சூடேற்றினால்’ என்ற பாதியைத் தகவல் தாளின் மூன்றாம் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அசெட்டாலுக்கு என்று பெயர் சொல்லிப் பரிந்துரைத்த இரண்டு பாக மையை (ஹார்டனர் கலந்து அடிக்கும் மையை) வாங்குங்கள். அந்தத் தாளில் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். அடுப்பில் வைப்பதென்றால் 100 முதல் 130 டிகிரி, அரை மணி நேரம் என்ற வட்டத்தில் பெரும்பாலும் இருக்கும். இது சாமானின் சூடு, அடுப்பு டயல் காட்டும் சூடு அல்ல. குமிழில் ஒரு சிறு ஓட்டை போட்டுத் தெர்மோகப்பிள் என்ற சூடு அளக்கும் கம்பியை நுழைத்து ஒரு தடவை அளந்துவிட்டால், உள்சூடு ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரிந்துவிடும். அந்த நிமிடங்களுக்குப் பிறகுதான் அரை மணி நேரம் ஆரம்பம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அசெட்டாலின் இரண்டு வகைகளில் கோபாலிமர் 165 டிகிரி பக்கத்திலும் ஹோமோபாலிமர் 175 பக்கத்திலும் உருகும். 130-இல் உருகாது, ஆனால் மோல்டில் முடியாமல் நின்ற படிகமாதல் அடுப்பில் தொடரும், சாமான் சற்றுச் சுருங்கும். சாதாக் குமிழுக்கு இது பெரிய விஷயமல்ல. தண்டில் இறுக்கமாக மாட்டும் துளை இருந்தாலும், பல்சக்கரமாக இருந்தாலும் அது விஷயம்தான். அடுப்பில் வைப்பதற்கு முன்னும் ஆறிய பின்னும் துளையை அளந்து எழுதி மோல்டிங் பாக்டரிக்கு அனுப்புங்கள். அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு முழு லோட்டையும் அடுப்பில் ஏற்றுங்கள். சொல்லாமல் ஏற்றினால் பிறகு வரும் அளவுக் கோளாறெல்லாம் உங்கள் தலையில் விழும்.

அளவு மாறக்கூடாது என்றால் அடுப்புக்குப் பதில் மேல்பரப்பை மட்டும் சுடவைக்கலாம்: அடித்து, மை தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் எரிவாயுச் சுடரை எழுத்தின் மேல் ஒரு வீச்சு ஓட்டுவது, அல்லது வெப்பக்காற்றுத் துப்பாக்கியைச் சில வினாடி காட்டுவது. உட்பாகம் சூடாகாது. கையால் செய்தால் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சூடு கிடைக்கும், அதனால் சாமானையாவது சுடரையாவது ஒரே வேகத்தில் ஓட்டும் ஏற்பாடு வேண்டும். அசெட்டாலின் பளபளப்பு மங்கினாலோ கூர்விளிம்பு உருண்டாலோ கூடிப்போயிற்று என்று அர்த்தம். அதிகம் சுட்ட அசெட்டால் பார்மால்டிஹைட் விடும், ஆகவே காற்றை வெளியே இழுக்கும் விசிறி இல்லாத கடையில் இந்த வேலையே வேண்டாம்.

அடிப்பதற்கு முன் கொடுக்கும் சுடர் வேறு கணக்கு. அது பரப்பில் ஆக்சிஜனைச் சேர்த்து, மை பரவுவதற்கு ஏற்றபடி பரப்பு ஆற்றலைக் கூட்டுகிறது. அசெட்டால் இயல்பில் 36, 38 டைன் (பரப்பு ஆற்றலின் அளவு) பக்கம் நிற்கும், பி.பி. 30 பக்கம். மை நன்றாக விரிந்து உட்கார 42, 44 வரை ஏறினால் நல்லது. சமையல் எரிவாயு போதும், ஆனால் காற்றுக் கூடிய நீலச் சுடராக இருக்க வேண்டும். மஞ்சள் கலந்தால் கரி படியும், பரப்பு மாறாது. உள்ளே தெரியும் கூர்நீலக் கூம்பின் நுனிக்கும் சாமானுக்கும் 5 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு வினாடிக்கும் குறைந்த வீச்சு. டைன் பேனாவால் (அந்த அளவைச் சோதிக்கும் பேனா) கோடு போட்டு, அந்தக் கோடு இரண்டு வினாடி சுருங்காமல் நின்றால் அந்த எண்ணைப் பரப்பு எட்டிவிட்டது. கோடு போட்ட சாமானில் அடிக்காதீர்கள், அதைச் சோதனைக்கே ஒதுக்குங்கள். அழுக்குப் பரப்பில் தேய்த்த பேனா அடுத்த தடவை பொய் சொல்லும் என்பதால், துடைக்காத சாமானில் அதை வைக்கவே வைக்காதீர்கள். சுடரின் பலன் நாளாக ஆகத் தேயும். அன்று வாட்டியதை அன்றே அடித்துவிடுங்கள்.

பத்துக் குமிழுக்கு முன்சுடர் மட்டும், பத்துக்குப் பின்சூடு மட்டும், பத்துக்கு இரண்டும், பத்துக்கு எதுவும் இல்லாமல் அடித்து டேப் போட்டுப் பாருங்கள். எதுவும் காட்டாத பத்தும் ஒரே மாதிரி உரிந்து, பின்சூடு பெற்றவை நின்றால் அந்த மையைப் பழி சொல்லத் தேவையில்லை என்பது கண்முன் தெரியும்.

நைலானுக்கு வருவோம். நைலான் தின்னருக்குப் பணியாவிட்டாலும் அதன் பரப்பு ஆற்றல் நல்லது, 42-க்கு மேல். மை பிடிக்கும். அதன் எதிரி தண்ணீர். நைலான் 66 காற்றில் இருக்கும் ஈரத்தையே குடித்து, நடுத்தர ஈரப்பதத்தில் தன் எடையில் ஏறக்குறைய 2.5 விழுக்காடு வரை கனக்கும். தண்ணீரிலேயே ஊறினால் எட்டரை விழுக்காடு வரை போகும். கண்ணாடி இழை கலந்தால் பிளாஸ்டிக்கின் பங்கு குறைவதால் இந்த எண்களும் குறையும், ஆனால் குணம் அதேதான். மத்தியான மழைக்குப் பிறகு கதவு திறந்த கடைவீட்டின் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த ஈரம் இரண்டு பாக மையின் ஹார்டனரைத் தின்றுவிடுகிறது. ஹார்டனர் ஐசோசயனேட் வகை. அது மையின் பிசினோடு சேர வேண்டியது. ஈரம் கிடைத்தால் அதோடு சேர்ந்து கரியமில வாயுவை விடும். மையில் குண்டூசிப் பொத்தல் விழும், பிசினுக்குப் போக வேண்டிய ஹார்டனர் குறையும், மை பாதி இறுகி நிற்கும். மோல்டிங் முடிந்து இரண்டாம் நாளே உங்களிடம் வரும் லோட் பாஸ் ஆவதற்கும், திறந்த பெட்டியில் மூன்று வாரம் கிடந்து வரும் லோட் ரிஜெக்ட் ஆவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். மோல்டிங் தேதியை ஒவ்வொரு பெட்டியிலும் எழுதச் சொல்லுங்கள். மோல்டிலிருந்து விழுந்ததும் பிளாஸ்டிக் பையில் கட்டி, சிலிக்கா ஜெல் போட்டு அனுப்பினால் பாதித் தலைவலி குறையும். பழைய சரக்கென்றால் 80 டிகிரியில் நாலு மணி நேரம் உலர்த்தி, ஆறியதும் அடியுங்கள். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் வெளிர் நிற நைலான் மஞ்சளாகும்.

இன்னொரு காரணம் மோல்டுக்குள் இருக்கிறது. கண்ணாடி இழை நைலானைக் குளிர்ந்த மோல்டில் அடித்தால் பிசின் இழையை மூடுமுன் இறுகிவிடும். பரப்பு சாம்பல் பூத்து, இழை வெளியே தெரியும். மோல்டு சூடாக இருந்தால் பிசின் இழை மேல் படர்ந்து வழவழவென்று வரும். இரண்டிலும் மை ஒரே மாதிரி உட்காராது. சொரசொரப்பான பரப்பில் பேட் பள்ளங்களைத் தொடாததால் எழுத்தில் ஊசிப் பொத்தல் வரும். பாஸ் ஆன சாமானையும் ரிஜெக்ட் சாமானையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பளபளப்பில் வித்தியாசம் தெரிந்தால் மோல்டு சூட்டைக் கேட்டுப் போன் போட வேண்டிய நேரம்.

சிலிக்கோன் ஸ்பிரே பற்றி நேராகச் சொல்கிறேன். மோல்டில் சாமான் மாட்டிக்கொண்டதும் ஆப்பரேட்டர் எட்டி எடுப்பது அந்த டின்னைத்தான். ஒரு வீச்சு அடித்தால் அடுத்த பல ஷாட்டுக்கு அது சாமானில் வரும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். ஒரே துணியால் துடைத்தால் அது பரவுகிறது, அவ்வளவுதான். நனைந்த துணியால் ஒரு பக்கமாக ஒரு இழுப்பு, ஆல்கஹால் காய்வதற்குள் உலர்ந்த துணியால் இன்னொரு இழுப்பு, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புது மடிப்பு. சாதா அழுக்குக்கும் கைரேகைக்கும் இது போதும். சிலிக்கோன் என்று உறுதியானால் லோட்டைத் திருப்பி அனுப்பி, சிலிக்கோன் இல்லாத ஸ்பிரே கேளுங்கள். உங்கள் பேடும் சிலிக்கோன் ரப்பர்தான் என்பதை மறக்க வேண்டாம்: புதுப் பேடில் எண்ணெய் கசியும். ஆல்கஹாலால் துடைத்து, காகிதத்தில் தொடர்ந்து அடித்து எண்ணெய்த் தடம் நின்ற பிறகே சாமானில் வையுங்கள்.

மை கலப்பதில் கரண்டிக் கணக்கு ஆகாது. தாளில் பத்துக்கு ஒன்று என்றால் எடையில் பத்துக்கு ஒன்று. ஒரு தடவைக்கு 50 கிராம் மை போதும் என்றால் 5 கிராம் ஹார்டனர், 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். சமையலறைத் தராசில் அரை கிராம் தவறினாலே பத்து விழுக்காடு தவறு. ஹார்டனர் குறைந்தால் மை இறுகாது, கூடினால் நொறுங்கும். முதலில் மையையும் ஹார்டனரையும் நன்றாகக் கலக்கி, பிறகு மையின் எடையில் 10 முதல் 20 விழுக்காடு தின்னர். மை கம்பெனி சொன்ன தின்னர் மட்டும். ஆல்கஹால் ஊற்றி இளக்குபவர்களும் இருக்கிறார்கள். ஹார்டனர் ஆல்கஹாலோடும் சேர்ந்துகொள்ளும், பிறகு மைக்கு என்ன மிஞ்சும்? கலந்த மைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆயுள் என்று தாளில் இருந்தால் அது ஏறக்குறைய 20 டிகிரி அறைக்கு எழுதியது. ஏர்கோன் இல்லாத 32 டிகிரி கடையில் அதில் பாதியை நம்புங்கள். மதியம் சாப்பிட்டு வந்து, காலைக் கலவை மிஞ்சிய கப்பில் புதுசை ஊற்றினால் பழசு புதுசாகாது. ஹார்டனர் டின்னைத் திறந்த கையோடு மூடுங்கள். அடியில் வெள்ளைப் படிவோ மேலே ஆடையோ தெரிந்தால் அது ஈரம் குடித்துவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

கறுப்பின் மேல் வெள்ளை என்பதால் பிளேட் ஆழம் 25 மைக்ரோன் பக்கம் இருக்கட்டும். ஆழத்தைக் கூட்டி ஒரே அடியில் மறைக்கப் பார்க்காதீர்கள், தடித்த மை உள்ளே காயாது. இரண்டு அடி அடியுங்கள், நடுவில் இரண்டு மூன்று வினாடி வெதுவெதுப்பான காற்று. ஏர்கோன் காற்று நேராகப் பேடின் மேல் வீசினால் மை சாமானைத் தொடுமுன் பேடிலேயே காய்ந்து, எழுத்து பாதி மட்டும் இறங்கும். அதற்கு மெதுவாகக் காயும் தின்னர் ஒரு வழி. ஏர்கோன் இறக்கையைத் திருப்பிவிடுவது அதைவிட மலிவு.

நாளை பாலிகார்பனேட் வேலை வந்தால் ஒரு எச்சரிக்கை மட்டும்: அங்கே ஒட்டுவது சுலபம், ஆனால் காரமான கரைப்பான் பட்டால் மோல்டிங் இழுவிசை உள்ள இடத்தில் முடிபோல் விரிசல் ஓடும். அதற்கென்ற மையைக் கேளுங்கள்.

டேப் சோதனையை எப்போது செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். இரண்டு பாக மை அறைச் சூட்டில் முழுசாக இறுக ஐந்து முதல் ஏழு நாள் எடுக்கும். அடித்த ஒரு மணி நேரத்தில் டேப் போட்டு ரிஜெக்ட் எழுதுவது நியாயமில்லை. அடுப்பில் வைத்ததென்றால் ஆறி ஒரு நாள் கழித்துப் பாருங்கள். குறுக்குக் கீறல் சோதனையில் மெல்லிய மைக்கு 1 மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டம் கட்டமாகக் கீறி, டேப்பை நகத்தால் தேய்த்து ஒட்டி, ஒன்றரை நிமிடத்துக்குள் இழுப்பார்கள். கடைசியில் எழுதும் எண்ணில்தான் சண்டை வரும்: அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். டி 3359-இல் 5பி என்பதுதான் உச்சம், 0பி படுமோசம். ஐ.எஸ்.ஓ. 2409-இல் 0 உச்சம், 5 படுமோசம். வாடிக்கையாளர் வெறுமனே ‘ஐந்து’ என்று எழுதினால் எந்த அளவுகோல் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த டேப் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு ஒட்டும் செலோடேப்பில் பாஸ் ஆனது அவர்கள் டேப்பில் பாஸ் ஆக வேண்டியதில்லை.

நாளெல்லாம் விரல் பட்டுத் திருகும் குமிழ் என்றால் மை எவ்வளவு ஒட்டினாலும் ஒரு நாள் தேயும். அங்கே 1064 நானோமீட்டர் பைபர் லேசர் மார்க்கிங்கைக் கொட்டேஷனில் இரண்டாவது வழியாகப் போடுங்கள். ஆனால் கறுப்பு அசெட்டாலில் வெள்ளை எழுத்து தெளிவாக வர, லேசருக்கென்ற கலவை பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். அது மோல்டிங் பாக்டரி கச்சாப்பொருள் வாங்கும்போதே முடிவாக வேண்டியது.

மைத் துணி, காலி டின், பழைய தின்னர் எதையும் கடைவீட்டின் பின்சந்துச் சாக்கடையில் ஊற்றவோ போடவோ வேண்டாம். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறையில் மைக் கழிவின் குறியீடு எஸ்.டபிள்யூ. 417, மை பட்ட துணி 410, காலி டின் 409. மூடியுள்ள இரும்புத் தொட்டியில் லேபிள் ஒட்டி வைத்து, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவரிடம் கொடுக்க வேண்டும்.

கையில் இருக்கும் ரிஜெக்ட் லோட்டைக் காப்பாற்ற முடியும். அசெட்டாலையும் நைலானையும் பிளேட் கழுவும் கரைப்பான் பாதிக்காது. அடித்து ஒரு நாளுக்குள் என்றால் துணியால் துடைத்தாலே வந்துவிடும். ஒரு வாரம் ஆகியிருந்தால் சற்று ஊற வைத்துத் தேய்க்க வேண்டும். அடுப்பில் ஏறியது வராது. ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் இரண்டிலும் இதைச் செய்யாதீர்கள், சாமானே கரையும் அல்லது விரிசல் விடும். துடைத்த நைலானை மறுபடி 80 டிகிரியில் உலர்த்தி, அசெட்டாலை ஆல்கஹாலால் இரண்டு துணி முறையில் துடைத்து, சுடர் காட்டி, அன்றே அடியுங்கள். முதல் இருபது சாமானை அடுப்பு முடிந்து ஒரு நாள் வைத்து டேப் போட்டுப் பார்த்த பிறகு மிச்சத்தை ஓட்டலாம்.